ஒற்றை ஸ்பீக்கர்

ஜாபேஸின் கையிருப்புக்குப் பழைய ஆம்ப்ளிஃபயரும் ஒரே ஒரு ஸ்பீக்கரும்தான் கட்டுபடியாயின. இன்னொன்றைப் போனஸ் வந்ததும் வாங்கலாம் என்று மனைவி பெர்சிஸிடம் சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் வலப்பக்கத்தில் வயரை மாட்டினான்.

முதலில் போட்டது, போன கிறிஸ்துமஸுக்கு இருவரும் கோயில் பாடகர் குழுவான கொயரில் பாடிய பதிவு. ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், தனித்தனி மைக்; பதிவிலும் குரல்கள் அப்படியே பிரிந்திருந்தன. ஆண்களின் கட்டைக்குரல் மட்டும் வீடு அதிர முழங்கியது. ஜாபேஸ் தன் குரலில் தானே சொக்கிப்போனான்.

"நாங்கல்லாம் எங்க போனோம்?" என்றாள் பெர்சிஸ்.

அசடு வழிந்தபடி வயரை இடப்பக்கத்துக்கு மாற்றினான். பெண்களின் குரல் எழுந்தது. பெர்சிஸ் தன் குரலைக் கண்டுபிடித்துவிட்டாள், முகம் மலர்ந்தது.

"இப்போ என்னையக் காணுமே" என்றான்.

"நீங்கதான் பக்கத்துலயே இருக்கியளே, பாடுங்க. ஆனா பைய, வீடு அதிராம."