ஒரு தோட்டா கொசுறு

கடை திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அதற்குள் வரிசை கட்டடத்தின் மூலையைத் தாண்டி, வண்டி நிறுத்துமிடத்தில் பாதியை வளைத்துப் போட்டுவிட்டது. பிப்ரவரிக் குளிர் எலும்பைக் கடித்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றவர்களுக்கு நடுவே வெர்லீன் இரும்புத் தூண்களை நட்டுக் கயிறு மாட்டிக்கொண்டே வந்தாள். காவலர் சீருடைக்கு மேல் மகனுடைய பழைய குளிர்ச்சட்டை. அதற்கு வெளியே தெரியும்படி இடுப்பில் துப்பாக்கி. துப்பாக்கி வெளியே தெரியவில்லை என்றால் கடை மேலாளருக்குக் கோபம் வரும்.

வரிசையின் முதல் ஆள் வழக்கம்போல ஹார்லன். லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். மடக்கு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி, மூத்த மருமகன், இளைய மருமகன். தோட்டாவுக்குத் தட்டுப்பாடு வந்து, ஆளுக்கு இரண்டு பெட்டிதான் என்று கடை விதி போட்டபிறகு மருமகன்கள் மேல் அவருக்குப் பாசம் பொங்கி வழிந்தது. வாங்கிய சூட்டோடு எதிரே உள்ள பெட்ரோல் நிலையத்தில் தன் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதே பெட்டிகளை நாலு மடங்கு விலைக்கு விற்பார். டூலி ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அவரைத் திட்டுவார்கள், பிறகு அவரிடமே வாங்குவார்கள்.

"மிஸ் வெர்லீன், காபி சூடா இருக்கு. உங்களுக்குன்னு தனியா ஊத்தி வச்சிருக்கேன்," என்றார்.

"லஞ்சமா, மிஸ்டர் ஹார்லன்?"

"சேச்சே, மரியாதை. லஞ்சம்னா கூட ஒரு பன்னு குடுத்திருப்பேன்."

நாலைந்து ஆள் தள்ளி நின்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் கிளிஃப்டன் குரல் கொடுத்தார். "இந்த மாதிரி ஆளுங்க இருக்கிறதுனாலதான் அரசாங்கமே அளவு வைக்கணும்கிறேன். ஒரு ஆளுக்கு இத்தனை துப்பாக்கி, இத்தனை தோட்டான்னு. என் வீட்ல ஒண்ணு இருக்கு. ஒண்ணு போதாதா?"

"உன் வீட்ல எத்தனை சட்டை இருக்கணும்னு நான் சொல்றேனா?" ஹார்லன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"சட்டை யாரையும் சுடாது."

"கடை ரெண்டு பெட்டின்னு அளவு வச்சா மட்டும் இனிக்குதே உங்களுக்கு?" என்று ஹார்லனைக் கேட்டாள் வெர்லீன்.

"கடை வச்சா அது வியாபாரம். அரசாங்கம் வச்சா அது அடிமைத்தனம்."

வெர்லீன் காபிக் குவளையை இறக்கினாள். கறுப்பினத்தவளான அவள் அந்த வெள்ளைக்காரக் கிழவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள். "அந்த வார்த்தையை என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்றதுக்கு முன்னாடி, இன்னொரு வாய் காபி குடிச்சிட்டு நல்லா யோசிங்க, மிஸ்டர் ஹார்லன்."

வரிசை வாய்விட்டுச் சிரித்தது. ஹார்லனின் மனைவி எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவர் காது சிவந்து, நிஜமாகவே இன்னொரு வாய் குடித்தார்.

கதவு திறந்த இருபதாவது நிமிடத்தில் அலமாரி துடைத்துவிட்டது போல ஆனது. கடைசியாகப் போன ஒன்பது மில்லிமீட்டர் பெட்டியை வெர்லீன் கண்ணாலேயே வாசல்வரை வழியனுப்பினாள். அவள் துப்பாக்கிக்கும் அந்தத் தோட்டாதான் வேண்டும்.

அதுவும் உடனே வேண்டும். சனிக்கிழமை அவளுக்குச் சுடும் தேர்வு. துப்பாக்கி வைத்திருக்கும் காவலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பது தோட்டா சுட்டுக் குறி காட்டினால்தான் துப்பாக்கி உரிம அட்டை புதுப்பிக்கப்படும். தோட்டாவை அவளை வேலைக்கு வைத்திருக்கும் காவல் நிறுவனம் தராது, அவரவர் கொண்டுவர வேண்டும். அட்டை போனால் துப்பாக்கி போகும். துப்பாக்கி போனால் மணிக்கு மூன்று டாலர் குறையும். இந்தக் கடை வாசலை விட்டு, நாற்பது மைல் தள்ளி இருக்கும் கோழி ஆலையில் இரவுக் காவலுக்குத் தூக்கி அடிப்பார்கள். கோழி ஆலையின் நாற்றம் ஆறு மாதத்துக்குத் தலைமுடியை விட்டுப் போகாது என்பது அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னது. காரில் ஹீட்டர் வேறு ஓடவில்லை.

அவளிடம் இருந்தது பன்னிரண்டு தோட்டா. மற்றதை வாங்கலாம் என்றால், வேலை நேரத்தில் காவலர் எதுவும் வாங்கக்கூடாது. வேலை முடிகிற நேரத்தில் அலமாரியில் தூசிதான் இருக்கும். நிறுவனத்தின் மேற்பார்வையாளர் டுவைட்டுக்குப் போன் போட்டாள்.

"ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் லேட்டா வரேன், டுவைட். வரிசையில நின்னு வாங்கிக்கிறேன்."

"நீங்க வரிசையில நின்னா வரிசையை யாரு பாத்துக்கறது?"

"வரிசையில நின்னுக்கிட்டே பாத்துக்கறேன்."

"நல்ல யோசனைதான். ஆனா ரூல்ஸ்ல இடமில்ல. எப்படியாவது ஏற்பாடு பண்ணிக்குங்க. உங்களால முடியும், நம்பிக்கை இருக்கு." நம்பிக்கைக்குக் காசா பணமா? டுவைட் அதைத் தாராளமாகவே கொடுப்பார்.

புதன்கிழமை மாலை தேவாலயத்தில் வேத வகுப்பு முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். கெளுத்தி மீன் வறுவல், உருளைக்கிழங்குப் பிசறல், சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம். வெர்லீன் மீனைத் தொடாமல் இருந்ததைப் பார்த்ததுமே ஓபலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள்.

"ஏண்டி வெர்லீன், மீனு உன்னை என்ன பண்ணுச்சு?"

வெர்லீன் சொன்னாள். ஓபல் முழுதாகக்கூடக் கேட்கவில்லை. காலியான உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கழுவி, துணியால் துடைத்து மேசை நடுவில் வைத்தாள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம சிஸ்டர் வெர்லீனுக்கு தோட்டா வேணும். ஒம்பது மில்லிமீட்டர். பையில, கார்ல, வீட்டு அலமாரில எவ்வளவு இருக்கோ கொண்டாங்க. கர்த்தருக்குக் கணக்கு சொல்ற மாதிரி ஒளிக்காமக் கொண்டாங்க!"

முதலில் ஒரு அசட்டுச் சிரிப்பு எழுந்தது. பிறகு கைப்பைகள் திறந்தன. ஜெபப் புத்தகத்துக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அடியிலிருந்து இரண்டு, மூன்று என்று வந்தன. சிலர் கார் வரைக்கும் போய்வந்தார்கள். அணில் வேட்டைக்கான தடித்த குண்டு இரண்டு, குழந்தை விரல் கனத்தில் சின்னத் தோட்டா ஒரு கைப்பிடி, ஏற்கெனவே சுட்ட வெறும் கூடு ஒன்று. எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் ஓபல் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே போனாள்.

கடைசியில் போதகர் தன் அறைக்குப் போய்விட்டு வந்து, காகிதத்தில் பொதிந்த ஆறு தோட்டாக்களைப் போட்டார். துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு கேட்டுப் போன மாதம்தான் தலைநகரம் வரை ஊர்வலம் போய்வந்தவர் அவர்.

"பாஸ்டர்," என்றாள் ஓபல், "அன்னைக்கு மைக்ல வேற மாதிரிப் பேசுனீங்களே?"

"இன்னைக்கும் அதேதான் பேசுறேன், சிஸ்டர். எல்லாரும் கீழ வைக்கட்டும், முதல் ஆளா நானும் வைக்கறேன். ஆனா இப்பல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கிற எடத்துலயே எவனாவது புகுந்து சுடறான். வாசலைப் பாத்துக்கிட்டே பிரசங்கம் பண்ற கொடுமை எனக்குத்தான் தெரியும்." சொல்லிவிட்டுக் கிழங்கு அப்பம் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்.

வெர்லீன் மேசையில் கொட்டிப் பிரித்தாள். பொருந்துவது பத்தொன்பது. அவளுடையதையும் சேர்த்து முப்பத்தொன்று. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அழுகிறாயா என்று ஓபல் கேட்டதற்கு மிளகாய்ச் சாற்றின் மேல் பழி போட்டாள். அன்று மூன்று துண்டு மீன் சாப்பிட்டாள்.

இன்னும் பத்தொன்பது வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் சாலையைக் கடந்து பெட்ரோல் நிலையத்துக்குப் போனாள். ஹார்லன் பின்கதவில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பெட்டி எழுபத்தஞ்சு," என்றார். "உங்களுக்குன்னா எழுபது."

"உதிரியா குடுப்பீங்களா?"

"இது என்ன சிகரெட்டா?" முறைத்தார். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து ஒரு பெட்டியைப் பிரித்தார். "ஒண்ணு ரெண்டு டாலர்."

"கடையில முப்பத்தஞ்சு சென்ட்டு. நான்தானே வாசல்ல நின்னு உங்களை உள்ள விட்டேன்?"

"கடையில இருந்தா கடையில வாங்கிக்குங்க, மிஸ் வெர்லீன்."

சம்பளம் வர இன்னும் ஒரு வாரம். வண்டிக்கு எண்ணெய் போட எடுத்து வைத்ததையும் சேர்த்து அவள் நீட்டினாள். ஹார்லன் கடலைத் தோலைத் தட்டிவிட்டு அவள் உள்ளங்கையில் பத்தொன்பது தோட்டாவை எண்ணிப் போட்டார்.

"ஒண்ணு கொசுறு போடுங்க."

"கொசுறா? கத்திரிக்காய் வாங்க வந்தீங்களா?"

"தினமும் உங்க நாற்காலியை யாரு பாத்துக்கறா? நீங்க ஒண்ணுக்குப் போறப்பல்லாம் உங்க இடத்தை யாரும் பிடிக்காமக் காவல் காத்தது யாரு?"

அவர் கொஞ்சம் தடுமாறித்தான் போனார். ஆனால் கை பெட்டிக்குப் போகவில்லை. "வியாபாரத்துல கொசுறு போட ஆரம்பிச்சா விளங்காது," என்றார்.

சனிக்கிழமை அவள் நன்றாகவே சுட்டாள். முதல் ஐந்து கொஞ்சம் தள்ளிப் போயின. பயிற்சிக்குச் சுட்டுப் பார்க்கத் தோட்டா ஏது? பிறகு கை பழைய நினைவுக்கு வந்துவிட்டது. ஓபலின் தோட்டா எது, போதகருடையது எது என்று மனதுக்குள் பேர் சொல்லிக்கொண்டே சுட்டாள். ஐம்பதும் தீர்ந்தபோது குறியாக வைத்த காகித மனிதனின் மார்பு சல்லடை ஆகியிருந்தது. தேர்வாளர் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். வெர்லீன் அங்கேயே ஒரு சின்ன ஆட்டம் போட்டாள். அவரும் கை தட்டினார்.

காரில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. துப்பாக்கி காலி. டுவைட்டைக் கூப்பிட்டாள்.

"பாஸாகிட்டேன். ஆனா ஒரு தோட்டாகூட மிச்சம் இல்ல."

"வாழ்த்துகள்! திங்கள் காலையில ஆறு மணி."

"வெறும் துப்பாக்கியோடயா?"

டுவைட் சற்று யோசித்தார். "அட்டை இருக்கா?"

"இருக்கு."

"துப்பாக்கி இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? ரூல்ஸ் அவ்வளவுதான் கேக்குது. வெளியில மட்டும் சொல்லிக்காதீங்க."

திங்கட்கிழமை இதுவரை வராத அளவுக்குச் சரக்கு வந்தது. பக்கத்து ஊர்க் கடையொன்றில் சனிக்கிழமை யாரோ புகுந்து சரக்கை அள்ளிப் போயிருந்தார்கள். மேலாளருக்கு முகத்தில் இரத்தமே இல்லை. லாரியிலிருந்து இறங்கிய பெட்டிகளை வாசலுக்கு உள்ளேயே ஆள் உயரத்துக்கு அடுக்கச் சொன்னார்.

"வெர்லீன், இதைவிட்டு ஒரு அடி நகராதீங்க. கை துப்பாக்கி மேலயே இருக்கட்டும். ஏதாவதுன்னா யோசிக்காதீங்க, சுடுங்க."

"சரிங்க சார்," என்றாள் வெர்லீன். வேறென்ன சொல்வது?

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் ஹார்லன் நாற்காலியில் இருந்தார். இன்று வரிசையில் புதிதாக அவர் மனைவியின் தம்பியும் சேர்ந்திருந்தார். ஹார்லன் வெர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் பாத்திரம் ஏந்தித் தோட்டா சேர்த்த கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அவள் எத்தனை சுட வேண்டும், கையில் எத்தனை இருந்தது, தான் எத்தனை விற்றோம் என்று கூட்டிக் கழித்துப் பார்க்க அவருக்குத் தெரியாதா? காபிக் குவளையுடன் எழுந்து வந்து கதவைத் தட்டினார். அவள் ஒரு சாண் திறந்தாள்.

"காலிதானே?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வாய மூடுங்க, மிஸ்டர் ஹார்லன்."

அவர் குவளையை நீட்டினார். குவளையோடு சேர்த்து அவள் உள்ளங்கையில் குளிர்ந்த சின்னப் பொருள் ஒன்று அழுந்தியது.

"கொசுறு," என்றார் ஹார்லன்.

வெர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொசுறு போட்டா வியாபாரம் விளங்காதுன்னீங்களே?"

"அந்த அடுக்குல பத்து பெட்டி என்னுது," பெட்டிகளைத் தாடையால் காட்டினார். "நான் உள்ள வர்ற வரைக்கும் அது பத்திரமா இருக்க வேணாமா?"

கதவு மூடியது. வெர்லீன் அடுக்குப் பக்கம் திரும்பி நின்று, யாரும் பார்க்காமல் அந்த ஒற்றைத் தோட்டாவைத் துப்பாக்கியில் செருகினாள். பிறகு அடுக்கில் முதுகை வைத்து நிமிர்ந்து நின்றாள். தலைக்கு மேலே வரை பெரிய சரக்குப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஆயிரம் தோட்டா. மேலாளர் தூரத்திலிருந்து கை காட்டினார். அவள் ஒரு கையில் காபியோடு, மறு கையைத் துப்பாக்கியின் மேல் வைத்தாள்.