எழில்மதி சுவரிடம் பேசியது

1

இந்தக் கதை எனக்கு ஒரு டம்ளர் டீயோடு கிடைத்தது. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கு விவாதப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். (எழுதுகிற ஆள் என்றால் நடுவராகவும் லாயக்குள்ளவன் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் அதைக் கெடுப்பதில்லை.) போட்டி முடிந்து டீ குடிக்கையில், பிள்ளைகளைத் தயார் செய்த டீச்சர் தன் வகுப்பில் வைத்திருக்கும் இரண்டு விதிகளைச் சொன்னார். அது மட்டும்தான் நான் கேட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. டீச்சருக்கு இங்கே காந்திமதி என்று பெயர்.

முதல் விதி: பிள்ளைகள் டிபன் பாக்ஸ் மூடியிலிருந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று சீட்டு எடுக்க வேண்டும். எடுத்த சீட்டு உன் வீட்டுப் பேச்சோடு ஒத்துப்போனால் திரும்பப் போட்டுவிடு. உனக்கு ஒப்பாத பக்கத்தைத்தான் நீ பேச வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: எதிராளிக்குப் பதில் சொல்லும் முன் அவர் நியாயத்தை அவர் வாய்க்குப் பதிலாக நீ சொல்ல வேண்டும். அவர் 'ஆமா, அதான்' என்று தலையாட்டினால்தான் உன் முறை. இல்லாவிட்டால் மறுபடி சொல்.

நான் இத்தனை வருஷம் சண்டை போட்டவர்களில் ஒருவரும் எனக்குத் தலையாட்டியதில்லை, என் மனைவி உட்பட.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சுரங்கத்தின் விளிம்பில் அந்தி சாய்ந்து

வேண்டாம். நெய்வேலியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த விளிம்பில்தான் போய் நிற்கிறார்கள். கூட்டம் அதிகம்.

அப்புறம்: "காந்திமதி டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் அத்தனை பேரும்

இதுவும் வேண்டாம். டீச்சரை முதலில் உள்ளே விட்டால் கதை முழுக்க நல்லதாகவே சொல்லிக்கொண்டிருப்பார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனாலேயே பயமும் உண்டு.

மூன்றாவதாக எழுதியது: "பதினொன்றாம் வகுப்பு எழில்மதிக்கு 'ஆம்' சீட்டு விழுந்தது." இது நின்றது.

சுரங்கத்துக்கு நிலம் கொடுக்கலாமா என்பது தலைப்பு. பிள்ளைகளே கேட்டு வாங்கியது. எழில்மதி வளையமாதேவிக்குப் பக்கத்து ஊர். (ஊர்ப் பெயரை எழுதி அடித்துவிட்டேன். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.) அவள் அப்பா கொளஞ்சிநாதனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஊரில் ஒன்றரை ஏக்கர். அந்த ஒன்றரை ஏக்கரும் சுரங்கத்துக்கான நில எடுப்புப் பட்டியலில் இருந்தது. கொடுக்க மாட்டேன் என்று அவர் மூன்று வருஷமாக ஒரே பிடியாக நிற்கிறார். அவளுக்கும் அதே எண்ணம்தான். முதலில் வந்த 'இல்லை' சீட்டை ஆசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அது சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் பெண் ஹரிணிக்குப் போனது.

3

எழில்மதி வீட்டில் ஒத்திகைக்குத் தோதான இடம் பின்பக்கத்து மோட்டார் கொட்டகைச் சுவர் ஒன்றுதான். பள்ளி விட்டு வந்ததும் அதன் எதிரில் நின்று பேசிப் பார்த்தாள். 'இந்த மண்ணில் பிறந்தவள் சொல்கிறேன், கொடுத்துவிடலாம்' என்று ஆரம்பம். முதல் நாள் வார்த்தை வாயில் ஒட்டவேயில்லை. டீச்சர் ஏமாற்றுப் பேச்சை ஒத்துக்கொள்ள மாட்டார் என்பதால் அந்தப் பக்கத்து நியாயங்களைத் தேடினாள். தேடியதும் கிடைத்தன. அப்பாவின் இடுப்புவலி. நடவுக்கு ஆள் கிடைக்காதது. மழை நேரத்தில் அழுகிப்போன உளுந்து. நாலாம் நாள் அவள் பேசியதில் அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது.

அந்த நாலு நாளும் கொளஞ்சிநாதனுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். பிற்பகலில் வந்து சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்கு மறுபக்கம், அவள் பேச்சு கேட்கும் தூரத்தில், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கே அவரிடம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை. பயமில்லை, ஒரு கூச்சம். எல்லாம் சாடைதான். அவர் மனைவி மலர்கொடி ஆட்டைப் பார்த்து, அரிசி தீர்ந்து இரண்டு நாளாச்சு, உனக்கென்ன கவலை என்பாள். ஆடு மென்றுகொண்டிருக்கும். அவர் பைக்கை எடுப்பார். இருபது வருஷக் குடித்தனம் இப்படியே நன்றாக ஓடியிருக்கிறது. டவுன்ஷிப் பள்ளியில் சேர வேண்டும் என்ற ஆசையை எழில்மதியும் தண்ணீர்த் தொட்டியிடம்தான் சொன்னாள். ஒரு வாரத்தில் அட்மிஷன் ஃபாரம் வீட்டுக்கு வந்தது.*

ஆகவே மகள் நாலு நாள் விடாமல் சுவரிடம் பேசினால் அவர் என்ன நினைப்பார்?

(* தண்ணீர்த் தொட்டி விஷயத்தைப் பிறகு சேர்த்தேன். அது இல்லாமல் என் மனைவி நம்ப மறுத்தாள். அவளை நம்ப வைப்பதே எனக்குப் பெரிய பரீட்சை.)

4

ஐந்தாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஷூவைக் கட்டியபடியே சொன்னார்: நாளைக்கு லீவு போட்டிருக்கிறார், நிலத்துக்குச் சம்மதக் கடிதம் கொடுக்கப் போகிறார்.

மலர்கொடி ஆட்டைத் தேடவில்லை. இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னாத்துக்கு?"

"பாப்பா நாலு நாளா கேட்டுகினு இருக்குது. நானும் எவ்ளோ நாளுதான் காது கேக்காத மாதிரி இருக்கறது?"

எழில்மதி செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் பைக் தெரு முனை திரும்பிவிட்டது.

5

இந்த இடத்தில் டீச்சரை அவள் வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். டீச்சர் கொளஞ்சிநாதன் எதிரில் உட்கார்ந்து அழகாக எடுத்துச் சொன்னார், அவரும் மனம் மாறி

கிழித்துப் போட்டேன். பிள்ளைகளைப் பேசப் பழக்குகிறவரை அழைத்துவந்து ஒரு பிள்ளைக்குப் பதிலாகப் பேச வைப்பதைவிட அசட்டுத்தனம் இல்லை. அவர் செய்திருக்கக்கூடியது இவ்வளவுதான்: விஷயத்தைக் கேட்டதும் கண் கலங்கி, எல்லாம் என் சீட்டால் வந்தது, நான் வந்து பேசட்டுமா என்று கேட்டார். எழில்மதி யோசித்துவிட்டு, வேண்டாம் மிஸ், நானே பேசுகிறேன் என்றாள். டீச்சர் அவள் தோளைத் தட்டிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஹரிணி தன் நோட்டைக் கொடுத்தாள். கொடுக்கக் கூடாது என்பதற்கு அந்தக் குவார்ட்டர்ஸ் பெண் பதினோரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் அதைப் படித்த எழில்மதிக்கு, தன் கட்சியைத் தன்னைவிட நன்றாகச் சொல்ல ஒருத்தி இருக்கிறாளே என்று அழுகை வந்தது.

6

சாயங்காலம் அவர் கட்டிலுக்கு எதிரில் போய் நேராக நின்றாள்.

"அப்பா, நான் பேசினது ஒனக்கு இல்ல. ஸ்கூல்ல சீட்டு விழுந்துச்சு. செவுருகிட்ட சும்மா பேசிப் பாத்தேன்."

அவர் சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, அதனால் என்ன, நாளைக்குப் போவது போவதுதான் என்றார்.

அவளுக்கு விதி நினைவு வந்தது. முதலில் அவர் நியாயத்தை அவளே சொல்ல வேண்டும். இடுப்பு முடியவில்லை, அதனால்தானே என்றாள். அவர் தலையாட்டவில்லை. சுற்றி எல்லோரும் கொடுத்துவிட்டால் நம் துண்டு மட்டும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனாலா? அதற்கும் இல்லை. பெர்மனென்ட் வேலை கிடைக்கும் என்றா? அதற்கு மறுபடி சிரித்தார்.

"நீ சொன்ன பாயின்ட்டு ஒண்ணுகூட எனக்கு ஒப்பல பாப்பா. ஆனா பேசின பாரு. நான் ஒரு நாள் லீவு கேக்கறதுக்கு மூணு நாளு மனசுக்குள்ள பேசிப் பாப்பேன். நீ மூச்சு வுடாம பேசற. நீ வக்கீலா கோர்ட்டுல நிக்கணும். அதுக்குப் படிக்க வெளியூர் போவணும். நெலம் இருந்தா நீ இங்கயே சுத்திகினு இருப்ப, நானும் வுட மாட்டேன்."

எழில்மதி மறுபடி சொல்லிப் பார்த்தாள்.

"நான் நல்லா பேசறதால நெலத்த குடுக்கற."

"ஆமா," என்று தலையாட்டினார். "அதான்."

இனி அவள் முறை. வேண்டாம் என்று பேசுகிறாயா, பேசு, கேட்கிறேன் என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு ஆவல். மலர்கொடியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள்.

7

இனி என் பாடு. அவள் ஹரிணியின் பதினோரு பக்கத்தையும் தன் மனசையும் சேர்த்து அருமையாகப் பேசினால், அவர் காது குளிரக் கேட்டு, இவள் கோர்ட்டுக்குத்தான் என்று உறுதி செய்துகொண்டு நாளைக் காலை கையெழுத்துப் போடப் போவார். நிலம் வேண்டுமென்றால் அவள் திக்க வேண்டும். அப்பா எதிரில், வேண்டுமென்றே.

அதையும் எழுதிப் பார்த்தேன்: "நெலம் வந்து... அப்பா, அது வந்து... எனக்குச் சொல்ல வர்ல" என்று அவள் நிறுத்த, அவர் முகம்

முடியவில்லை. அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை. நன்றாகப் பேசவிட்டும் எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது, அத்தனை வரியும் மணியாக விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பேனாவை வைத்த பிறகுதான் புரிந்தது: நானும் கொளஞ்சிநாதன் மாதிரி கட்டிலில் உட்கார்ந்து அவள் பேச்சில் சொக்கி நிலத்தைக் கொடுத்துவிட்டேன்.

அந்தப் பக்கத்தையும் எடுத்துவிட்டேன். எழில்மதி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள், வாயைத் திறக்கப் போகிறாள். நான் எழுந்துகொள்கிறேன், என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். இந்தப் பெண் நன்றாகப் பேச வேண்டுமே என்று ஒரு துளிகூட ஆசைப்படாமல் உங்களால் கேட்க முடிந்தால், அந்த ஒன்றரை ஏக்கர் அவர்களுக்கு மிஞ்சும்.