போகச் சொல்ல ஓர் ஆள்

"உங்களை யாராவது போகச் சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள் நகராட்சியின் வாடகை உதவிப் பிரிவில் உட்கார்ந்திருந்த பெண். கண்ணாடித் தடுப்பிலிருந்த ஓட்டை அவள் வாய்க்கு நேராக இல்லாததால் கொஞ்சம் உரக்கவே கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்கும். அவன் குனிந்து ஓட்டையருகே முகத்தைக் கொண்டுபோய், "அப்படியெல்லாம் இல்லைங்க. அண்ணன் வீடுதான், நல்லா வெச்சிருக்காரு" என்றான். சொன்ன பிறகுதான் அது தப்பான பதில் என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

அவன் நகரப் பேருந்து ஓட்டியவன். மஞ்சள் விளக்கைத் தூரத்தில் கண்டாலே நிறுத்திவிடுவான் என்பதால் பணிமனையில் அவனுக்கு 'சடன் பிரேக்' என்று பேர் வைத்திருந்தார்கள். சர்க்கரை நோய் ஒரு கண்ணின் பார்வையை எடுத்துக்கொண்ட பிறகு, ஸ்டியரிங்கைப் பறித்துவிட்டு வாசலருகே ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். உள்ளே வரும் பேருந்துகளுக்கும் வெளியே போகும் பேருந்துகளுக்கும் கேட்டைத் திறந்து மூடுவது வேலை. சம்பளம் இறங்கிய அதே சமயத்தில் குடியிருந்த வீட்டின் வாடகை ஏறியது. "கொஞ்ச நாள் நம்ம வீட்டுக்கு வந்துடுடா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். அப்போது மகள் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இப்போது பத்தாம் வகுப்புக்கு முட்டி மோதிப் படித்துக்கொண்டிருக்கிறாள். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

அந்தப் பெண் கெட்டவளில்லை. எழுந்து வந்து தடுப்பின் பக்கவாட்டில் நின்று, குரலைத் தணித்து விளக்கினாள். கம்மி வாடகை வீடுகள் கொஞ்சம்தான் இருக்கின்றன, கேட்பவர்கள் கொள்ளைப் பேர். தலைக்கு மேல் கூரை இருப்பவர்கள் கடைசியில்தான் வருவார்கள். ஆனால் இடம் கொடுத்தவரே, இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது என்று, பார்க்க வரும் அதிகாரியிடம் நேரில் சொல்லிவிட்டால் முன்னால் வந்துவிடலாம். "யாராவது சொல்லணும் சார். நீங்களா சொன்னா செல்லாது."

வீட்டில் இதைச் சொன்னபோது அண்ணன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். மின்சாதனக் கடையில் கல்லாவில் உட்காருபவர், நாள் முழுக்க வாடிக்கையாளரிடம் கணக்காகப் பேசுபவர், வீட்டில் மட்டும் சட்டென்று கண் கலங்கிவிடுவார். "கூடப் பொறந்தவனைப் போடான்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்? வீடே வேணாம், இங்கயே இரு" என்றார்.  அவன் மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள், எதற்கும் குரலை உயர்த்தத் தெரியாதவள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணிதான் நிமிராமலே, "நான் சொல்றேன். நாலு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா என்ன?" என்றாள்.

அதற்கு ஒத்திகைகூட நடந்தது. டிவி ரிமோட்டை போன் மாதிரி பிடித்துக்கொண்டு மகள் அதிகாரியானாள். கொழுந்தன் குடும்பத்தால் என்ன தொந்தரவு என்று பெரியம்மாவைக் கேட்டாள். இவன் குளிக்கப் போனால் பாட்டுக் கச்சேரி முடிந்துதான் கதவு திறக்கும் என்றாள் அண்ணி. டூத்பேஸ்டை நடுவிலே அமுக்குகிறான், அந்தக் குற்றத்துக்கு மட்டுமே நாடு கடத்தலாம் என்றாள். ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கடைசி பிஸ்கட்டைத் தின்பது அவன்தான் என்றும் போட்டுக்கொடுத்தாள். அண்ணனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மனைவிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. இந்தக் குடும்பத்தை விட்டுத் தனியாகப் போய் எப்படி இருக்கப் போகிறோம் என்று அவனுக்கு ஒரு கணம் தோன்றியது.

அதிகாரி ஒரு காலைப் பொழுதில் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. கையில் ஹெல்மெட், தோளில் பை. ஹெல்மெட்டை எங்கே வைப்பதென்று சுற்றிப் பார்த்தபோதுதான் அந்தக் கூடத்தை அவனும் அவள் கண்ணால் பார்த்தான். சுவரோரம் சுருட்டி வைத்த மூன்று படுக்கைகள். ஜன்னல் கம்பியில் காயும் அவனுடைய பனியன். அண்ணியின் மர அலமாரியில் பாதித் தட்டுகளில் மகளின் பாடப் புத்தகங்கள், மருந்துப் பெட்டி, அவன் மனைவியின் கைப்பை. சோபாவின் அடியிலிருந்து ஒரு பெட்டியின் மூக்கு எட்டிப் பார்த்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் அந்த வீட்டுக்குச் சொந்தமான பொருளுக்கு நிற்க இடமில்லாமல் எல்லாம் இவர்களுடையதாக இருந்தது.

அதிகாரி ஹெல்மெட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு அண்ணியிடம் கேட்டாள், இவர்கள் இங்கே இருப்பதில் அவளுக்கு என்ன சிரமம் என்று. அண்ணி ஒத்திகையில் சொன்னபடி குளியலறையில் ஆரம்பித்தாள். காலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கிறது, தண்ணீர் போதவில்லை என்றாள். அண்ணன் உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அதிகாரி தலையாட்டிவிட்டு, "வேற?" என்றாள். வேறொன்றுமில்லை, அந்த ஒரு சொல்தான்.

அண்ணி கூடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். பிறகு பேசினாள். ஒத்திகையில் இருந்த குரல் அதில் இல்லை.

"நான் பசங்களுக்கு டியூஷன் எடுத்துட்டிருந்தேன் மேடம். இதே கூடத்துல. சாயங்காலமானா இங்க பாய் விரிச்சு உக்காருவாங்க. இவங்க வந்த பிறகு எங்க உக்கார வைக்கறது? நிறுத்திட்டேன்."

அவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். தொண்டை கட்டிக்கொள்கிறது, கத்திக் கத்தி அலுத்துவிட்டது, அதனால்தான் விட்டேன் என்று அவள் அப்போது சொல்லியிருந்தாள். அவனும் நம்பியிருந்தான். நம்புவது சௌகரியமாகவும் இருந்தது. தொண்டைக்கு நல்லது என்று ஒருநாள் மருந்துக்கடையிலிருந்து மிட்டாய் வாங்கி வந்து கொடுத்ததும், அவள் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டதும் இப்போது ஞாபகத்துக்கு வந்து அவன் காது மடல்கள் சுட்டன.

அண்ணி நிறுத்தவில்லை. யார் மேலும் கோபமில்லாத குரலில், கடையில் சாமான் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனாள். அக்கா வந்தால் மனம்விட்டு இரண்டு வார்த்தை பேச ஒரு மூலை கிடையாது, அவளும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். தலைவலி என்றால் கூடத்தில் ஒருக்களித்துப் படுக்க முடியாது. புருஷனோடு சண்டை போடக்கூட முடியாது, வாயை மூடிக்கொண்டு கண்ணாலேயே போட வேண்டியிருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் பையன் லீவுக்கு வருகிறேன் என்றபோது, இந்தத் தடவை வேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள்.

"கெட்டவங்களா இருந்தா சண்டை போட்டு அனுப்பியிருப்பேன் மேடம். நல்லவங்க. பாத்திரம் கழுவி வெச்சிடுவாங்க, சத்தம் போட மாட்டாங்க, அந்தப் பொண்ணு தங்கம். அதான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியல. என்னால முடியல மேடம். போனா நல்லாருக்கும்."

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தண்ணீர் டம்ளரை அதிகாரிக்குக் கொடுப்பதற்காக எடுத்து வந்தவள், கொடுக்காமல் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் கூரையைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். அதிகாரி தன் போனில் ஏதோ குறித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அது தினமும் கேட்கிற கேள்வியாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"சார், அவங்க சொன்னதெல்லாம் உண்மைதானே?"

எத்தனையோ பேர் முன்னால் அவன் தலைகுனிந்திருக்கிறான். எழுத்துப் பலகையில் மூன்றாவது வரி தெரியவில்லை என்று டாக்டரிடம் ஒப்புக்கொண்டபோது. தன் பேருந்தைச் சின்னப் பையன் ஒருவன் ஓட்டிக்கொண்டு வர, அதற்குக் கேட்டைத் திறந்துவிட்ட முதல் நாள். அப்போதெல்லாம் நோயின் மேல் பழியைப் போட முடிந்தது. இப்போது போடுவதற்கு யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால் வீடு கிடைக்காது. ஆமாம் என்று சொன்னால், இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்தாயா என்று அண்ணியின் கண் கேட்கும்.

"உண்மைதான் மேடம்" என்றான்.

அதிகாரி போனதும் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "பிச்சு உதறிட்டால்ல? சினிமாவுல சேத்து விட்டிருக்கணும் இவளை" என்று சொல்லி, தானே கொஞ்சம் சிரித்தார். யாராவது தன்னோடு சேர்ந்து சிரித்துவிட மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அண்ணி எழுந்து உள்ளே போய் டீ போட்டாள். எல்லோருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். அவனுக்குச் சர்க்கரையில்லாமல் தனியாக, எப்போதும் போல. அவன் அதைக் குடித்து முடித்தான். நன்றாக இருந்தது என்றுகூடச் சொன்னான்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் மரியாதை தாங்க முடியாத அளவுக்குக் கூடிப்போயிற்று. மகள் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். வெளிச்சம் நன்றாக வருகிறது என்றாள். மனைவி காப்பகத்தில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் வேலை முடிந்தும் பணிமனை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். என்ன சடன் பிரேக், வீட்டுக்குப் போக வழி மறந்துபோச்சா என்று டிரைவர்கள் கேட்டார்கள். அண்ணியோ இரண்டு பங்கு வாஞ்சையாக இருந்தாள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க என்றாள், ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அவள் ஒவ்வொரு தடவை அப்படிச் செய்யும்போதும், இதற்குப் பின்னால் அவள் எதை விழுங்குகிறாள் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருநாள் மனைவியிடம், உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியுமா என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரியும்" என்றாள் அவள். "சமையல்கட்டுல நின்னா தெரியாதா? உங்ககிட்ட சொல்லி என்ன பண்ண? நீங்க இன்னும் குறுகிப்போவீங்க."

நகராட்சியிலிருந்து தகவல் வந்தது. வாடகையில் ஒரு பகுதியை அவர்கள் கட்டுவார்கள், பட்டியலில் உள்ள வீடுகளில் ஒன்றைப் பார்த்து வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ள வேண்டும். முதல் வீட்டுக்காரர் இவர்களைச் சிரித்து வரவேற்று, உதவித் திட்டம் என்றதும் சாவியைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். இரண்டாவது வீட்டில், அந்த மாதிரி ஆட்களுக்குக் கொடுப்பதில்லை என்று கதவிடுக்கு வழியாகவே சொல்லிவிட்டார்கள். அந்த மாதிரி ஆட்கள் என்றால் எந்த மாதிரி என்று மகள் தெருவில் கேட்டாள். அவனுக்கு வலிக்கவில்லை, அதைவிடப் பெரியதை வீட்டுக்குள்ளேயே கேட்டாகிவிட்டது. மூன்றாவது வீடு ஒரு சலவைக்கடைக்கு மேலே. கடைக்காரியே வீட்டுக்காரி. பணம் நேரத்துக்கு வந்தால் அது யார் கையிலிருந்து வந்தால் எனக்கென்ன என்றாள். ஒரு கூடம், சின்னதாக ஓர் அறை, சோப்பு வாசனை.

சாமான்களை ஏற்றிய அன்று அண்ணி ஒவ்வொன்றையும் துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். புது டம்ளர்கள் ஒரு செட் வாங்கி வைத்திருந்தாள். கிளம்பும் முன் அவன் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கூடத்தில் அவள் பக்கத்தில் போய் நின்றான். வாயில் வந்தது வேறு. "இனிமே டியூஷன் ஆரம்பிச்சிடுங்க அண்ணி."

"அந்தப் பசங்கல்லாம் வேற இடத்துக்குப் போயிட்டாங்கப்பா" என்றாள் அவள். சொல்லிவிட்டு, கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணனும் அண்ணியும் புது வீட்டைப் பார்க்க வந்தார்கள். அண்ணி கூடத்தையும் அறையையும் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள், காற்று நன்றாக வருகிறது என்றாள். சாப்பிட்ட பிறகு கூடத்துச் சுவரில் சாய்ந்து மகளிடம் பரீட்சையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவள், கேள்வியின் பாதியிலேயே தலை சரிந்து, அப்படியே தரையில் கையை மடித்து வைத்துத் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை. ஒரே கூரையின் கீழ் அத்தனை காலம் இருந்தும், அவனுக்கு முன் எழுந்து அவனுக்குப் பின் கதவைச் சாத்திக்கொள்பவளாகவே அவளைத் தெரிந்திருந்தான்.

ஜன்னலுக்கு இன்னும் திரை வாங்கவில்லை. மேற்கு வெயில் அவள் முகத்தில் விழுந்தது. இமைகள் சுருங்கின. "எழுப்பட்டுமாடா? பஸ் பிடிக்கணும்" என்று அண்ணன் கிசுகிசுத்தார். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, எழுந்து போய் ஜன்னலில் முதுகு படும்படி நின்றான். அவன் நிழல் அவள் நெற்றியிலிருந்து கழுத்துவரை மூடியது. கீழே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் கம்பியைத் தாண்டி இறங்கி அவள் கன்னத்தைத் தொடப் பார்த்தபோது, அவன் சத்தமில்லாமல் ஓரடி இடதுபக்கம் நகர்ந்து நின்றான்.