சின்ன மாப்பிள்ளையின் பெட்டி

பெரிய மாப்பிள்ளைக்கும் சின்ன மாப்பிள்ளைக்கும் ஒரே வீட்டில் பெண். போதாக்குறைக்கு ஒரே தொழில். அந்தக் காலத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் இருந்த கம்ப்ரஸர் பெட்டிகளை அச்சு அசலாகத் திரும்பச் செய்து, கொஞ்சம் தங்கள் கைச்சரக்கையும் சேர்த்து விற்பார்கள். பாடுகிறவர் திடீரென்று கத்தினால் அமுக்கிப் பிடித்து, முணுமுணுத்தால் தூக்கிவிடுகிற பெட்டி அது. உள்ளே சின்ன விளக்கு ஒன்று, எதிரே வெளிச்சத்தை உணரும் சில்லு ஒன்று. குரல் ஏறினால் விளக்கு எரியும், சில்லு அடக்கும். ஆளுக்கு ஆள் வித்தை காட்டுவது அந்த இடத்தில்தான். அடுத்தவன் கண் படாமல் இருக்க அங்கே மட்டும் கறுப்புப் பிசினை ஊற்றிக் கட்டையாக இறுக்கிவிடுவார்கள். சகலை கேட்டால் சொல்ல மாட்டார்கள். சகலை என்பதாலேயே சொல்ல மாட்டார்கள்.

பெரிய ஸ்டுடியோ ஒன்று புதிதாக இரண்டு மாடி எழுப்பியிருந்தது. எல்லா அறைக்கும் பெட்டி தேவை. ஸ்டுடியோக்காரர் இருவரிடமும் மாதிரிக்கு ஒன்று வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"உங்க பெட்டியில குரல் சுத்தமா இருக்குண்ணே," என்றார் பெரிய மாப்பிள்ளையிடம். "தம்பி பெட்டியில குரல் பக்கத்துல வந்து உக்காருது."

சுத்தமாம். ஆஸ்பத்திரித் தரையா என்ன? வீடு வரும்வரை அந்த வார்த்தையைப் பல்லுக்கிடையில் வைத்து மென்றுகொண்டே வந்தார். வீட்டில் மனைவி எரிகிற அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினாள்.

"தங்கச்சி பேசினா. கார் பாக்கப் போறாங்களாம்."

"இன்னும் ஆர்டரே வரல."

"வாங்கவா போறாங்க? பாக்கத்தான போறாங்க. நீங்க ஏன் மொகத்த அப்படி வெச்சுக்கறீங்க?"

மறுநாள் காலையில் ஸ்டுடியோவுக்குப் போனார். "தம்பி பெட்டியில வலது பக்கத் திருகு கரகரங்குது. குடுங்க, தொடச்சுத் தரேன். நம்ம வீட்டுப் புள்ளைதானே."

ஸ்டுடியோக்காரர் நெகிழ்ந்துபோனார். "பெரிய மனசுண்ணே. சாயங்காலம் அவரும் வராரு. அதுக்குள்ள கொண்டாந்துடுங்க. இன்னைக்கே முடிவு பண்ணிடலாம்."

பட்டறைக் கதவைத் தாழிட்டுவிட்டு, பெரிய மனசு பெட்டியைக் கவிழ்த்தது. வயர், தகடு, டிரான்ஸ்பார்மர் எல்லாம் இவர் வாங்கும் அதே கடைச் சரக்கு. மிச்சம் கறுப்புக் கட்டை. சூடான காற்றை அடித்து, பிசின் இளக இளகக் கத்தி முனையால் செதுக்கினார். விளக்கு தெரிந்தது. அதே விளக்கு. சில்லு தெரிந்தது. அதே சில்லு. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் விட்ட இடைவெளியில்தான் பயல் ஏதோ செய்திருக்கிறான் என்று மண்டையில் உறைத்த அதே நொடியில், இளகிய கட்டை சரிந்து விளக்கு கத்தியோடு வந்துவிட்டது. சில்லு குறுக்கே விரிசல் விட்டது. எதைப் பார்க்கத் தோண்டினாரோ, தோண்டியதிலேயே அது போயிற்று.

அழக்கூட நேரமில்லை. தன் பெட்டிக்கென்று விளக்கும் சில்லும் வைத்து இறுக்கி அலமாரியில் வைத்திருந்த கட்டை ஒன்றை எடுத்து அதே இடத்தில் பற்றவைத்து, மேலே கொஞ்சம் பிசின் பூசி மூடினார்.

சாயங்காலம் ஸ்டுடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் பெரிய மாப்பிள்ளையின் பெட்டி. "சுத்தம்." பிறகு சின்ன மாப்பிள்ளை பெயர் பொறித்த பெட்டி. தலை தானாக ஆடியது. "நேத்தைவிட இன்னைக்கு இன்னும் ஒரு படி மேல. எல்லா அறைக்கும் எனக்கு இதேதான் வேணும். அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, இந்தக் கைவாகு வராது உங்களுக்கு."

அது என் கைவாகுதான்யா என்று தொண்டை வரை வந்தது. சொன்னால், எப்படி உள்ளே போனது என்றும் சொல்ல வேண்டும். பெரிய மாப்பிள்ளை எச்சிலோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

பெரியவர் பெட்டியைத் துடைத்துத் தந்த கதையைச் சின்ன மாப்பிள்ளையிடம் ஸ்டுடியோக்காரர் வந்ததுமே சொல்லியிருந்தார். அவன் காதுக்கு இரண்டு பெட்டியும் ஒரே மாதிரி பாடின. ஒரு பெட்டியைப் பார்த்தான், இன்னொன்றைப் பார்த்தான், பிறகு பெரியவரின் நகக்கண்ணில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தான். ஸ்டுடியோக்காரரிடம் திரும்பி, "சரிங்க, இதே மாதிரி செஞ்சிடலாம்," என்றான்.

படியிறங்கும்போது பெரியவரின் தோளில் கை போட்டான்.

"அண்ணே, தொடைக்கறேன்னு சொல்லிட்டுக் குடலையே மாத்திட்டீங்க போல."

"கை தவறிடுச்சு தம்பி."

"நல்லாத் தவறியிருக்கு. என் கட்டையைவிட இது ஒசத்தி. இல்லேன்னு சொன்னா என் காதே என்னைக் காறித் துப்பும். அந்த மனுஷனும் இதேதான் வேணுங்கறாரு." கொஞ்சம் தயங்கினான். "கட்டை மட்டும் நீங்க செஞ்சு குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

எத்தனையோ நாளாக அவன் வாயிலிருந்து கேட்க ஏங்கிய வார்த்தை. பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "செய்யறேன். ஆனா முகப்புத் தகட்டுல என் பேரு வரணும்."

சின்ன மாப்பிள்ளை அவரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"போடலாம்ணே. பேரைப் பாத்ததும் அவருக்குச் சுத்தமா கேக்குமே, பரவால்லையா?"

பெரியவர் வாசலுக்குப் போய் வண்டியை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"எத்தனை கட்டை வேணும்?"