தேதி இல்லாத டின்

ஆஸ்பத்திரியில் முபங்காவின் வலது இமையை நர்ஸ் விரலால் தூக்கிப் பிடித்தாள். விட்டதும் அது தானாகவே விழுந்தது. பூப்பே அவன் கையைப் பிடித்தபடி நின்றாள். கை சூடாகத்தான் இருந்தது, பிடிதான் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் மினிபஸ்ஸை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சிரித்தான்.

"எனக்கு ரெண்டு பொண்டாட்டி தெரியுது பூப்பே. ரெண்டாமத்தவளாவது ஒழுங்கா சமைப்பாளா?"

அவளும் சிரித்தாள். அப்புறம் குடித்த தண்ணீர் தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் மூச்சு நின்றது.

டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார்.

"டின் மீன்னு சொன்னீங்க. எப்ப வாங்கினது?"

"வாங்கல டாக்டர். பாடத்துக்காக ஒரு கடைக்காரர் சும்மா குடுத்தார். முப்பது வருஷப் பழசு."

"வேற யாரு சாப்பிட்டாங்க?"

"யாரும்..." வகுப்பு நினைவுக்கு வந்தது. "தெரியல."

"தெரியலன்னா கண்டுபிடிங்க. கெட்ட டின் மீனோட விஷம் நாலஞ்சு நாள் கழிச்சும் வேலையக் காட்டும். இமை தொங்குதா, ரெண்டு ரெண்டா தெரியுதான்னு பாருங்க. இருந்தா உடனே தூக்கிட்டு வாங்க."

புதன்கிழமை நான்காம் வகுப்பில் அவள் கடைச் சாப்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்தினாள், அப்போது எப்படி, இப்போது எப்படி என்று. செய்தித்தாளில் சுற்றிய ரொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட ரொட்டியை வைத்தாள். எண்ணெய் வாங்க வீட்டிலிருந்து எடுத்துப் போகும் பாட்டிலையும், இப்போது தொங்கவிட்டு விற்கிற சின்னப் பாக்கெட்டையும் காட்டினாள். கடைசியாக அந்த டின். சாவி போட்டுத் தகரத்தைச் சுருட்டித் திறந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"இதுல தேதி எங்க போட்டிருக்கு, தேடுங்க."

எங்குமே இல்லை.

"அப்ப நல்லதா கெட்டதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"மோந்து பாத்து!" என்று வகுப்பே கத்தியது.

மோந்தும் பார்த்தார்கள். கெட்ட வாடை எதுவும் இல்லை. வாசனையை மட்டும் நம்பக் கூடாது, அதனால்தான் தேதி போட ஆரம்பித்தார்கள் என்று எழுதுவதற்காக அவள் கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். இரண்டு நிமிடம் இருக்கும். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் அந்த டின்னும் அவள் முதுகுக்குப் பின்னால்.

மறுநாள் இன்னொரு வகுப்புக்கும் காட்டலாம் என்று டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து தட்டால் மூடி வைத்தாள். அவள் சர்ச்சில் பாட்டுப் பயிற்சியில் இருந்தபோது முபங்கா பசியோடு வந்தான். ஆறிப்போன ஷீமா சோளக்களிக்குத் தொட்டுக்கொள்ள அதுதான் இருந்தது. வியாழன் காலை காலி டின்னைப் பார்த்து அவனைத் திட்டித் தீர்த்தாள், பாடம் கெட்டுப்போச்சு என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீடு வந்து சேர்வதற்குள், சாவு வீட்டு வழக்கப்படி நாற்காலி மேசையெல்லாம் வெளியே வந்துவிட்டன. கூடத்துத் தரையில் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து அழுதார்கள். பூப்பேயின் தலையில் துணி கட்டி, செருப்பைக் கழற்றி, சுவரோரப் பாயில் உட்கார வைத்தார்கள். முபங்காவின் அக்கா சிலேஷே அவள் தோளைக் கட்டிக்கொண்டு அரற்றினாள்.

"முந்தாநேத்து வரைக்கும் கல்லு மாதிரி இருந்தானே என் தம்பி! அப்படி என்னத்தடி சாப்பிட்டான்?"

பூப்பே எழுந்தாள்.

"அக்கா, நான் ஸ்கூலுக்குப் போயாகணும்."

"பைத்தியம் பிடிச்சிருக்கா? இன்னும் அவனப் புதைக்கக்கூட இல்ல. இப்ப நீ வாசப்படி தாண்டினா, நீதான் கொன்னுட்டேன்னு ஊரே பேசும்."

"பேசட்டும். நான் கொண்டாந்த மீனத்தான் அவரு சாப்பிட்டாரு. பிள்ளைங்களும் தின்னிருந்தா?"

சிலேஷேயின் கை அவள் தோளிலிருந்து நழுவியது. அழுகை நின்றுபோன அந்தக் கூடத்தைத் தாண்டி அவள் வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவள் ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்த்தி, விரலை ஆட்டிக் காட்டினாள்.

"இது எத்தன விரல்?"

"ஒண்ணு டீச்சர்."

"அந்த மீனத் தொட்டியா?"

"இல்ல டீச்சர்."

புதுப் பாடம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். ஒவ்வொரு கண்ணும் விரலோடு போய் விரலோடு திரும்புகிற வரை அவள் அடுத்த பிள்ளையிடம் நகரவில்லை. முப்பத்தேழு பேர். எஸ்னாட்டின் இடம் மட்டும் காலி.

"நேத்தும் வரல டீச்சர். அவதான் மீனுக்குக் கிட்ட உக்காந்திருந்தா" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

எஸ்னாட்டின் வீடு மார்க்கெட்டுக்குப் பின்னால். பூப்பே ஓடினாள். காலில் ஏதோ கிழித்தது. வாசலில் எஸ்னாட்டின் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"எஸ்னாட் எங்க?"

"தூங்கறா. ரெண்டு நாளா மழையில யூனிஃபார்ம் காயல, அதான் அனுப்பல டீச்சர். ஏன், என்னாச்சு?"

பூப்பே நேராக உள்ளே போய் அந்தச் சிறுமியை உலுக்கினாள். இமைகள் பாதி திறந்து மறுபடி மூடின. பூப்பே அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எஸ்னாட்! கண்ணத் தொற! எத்தன விரல்?"

"ஒண்ணு." சிறுமி விழித்துக்கொண்டாள். கண்கள் அகலமாகத் திறந்தன. "நான் திருடல டீச்சர். கொஞ்சூண்டுதான் எடுத்தேன்."

"தின்னியா?"

"இல்ல. அம்மா டின் மீனே தின்னதில்ல. ஞாயித்துக்கிழம எல்லாரும் சேந்து சாப்பிடலாம்னு வெச்சேன்."

புத்தகப் பைக்குள் கையை விட்டு, நோட்டுத் தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கப்படவில்லை. எண்ணெய் ஊறிய தாளில் எறும்புகள் ஏறியிருந்தன.

பூப்பே ஒரு பிளாஸ்டிக் பையில் கையை நுழைத்து அதை வாங்கிக்கொண்டாள். சிறுமியின் கைகளை சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு முறை காட்டிவிடும்படி தாயிடம் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். தாய் மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கொல்லையில் மழைக்கு இளகிய மண். பூப்பே மண்வெட்டியை வாங்கி, யாரும் மிதிக்காத ஒரு மூலையில் குழி தோண்ட ஆரம்பித்தாள். தலையில் கட்டிய துணி அவிழ்ந்து தோளில் விழுந்தது. முழங்கால் ஆழம் போயிற்று. பொட்டலம் ஓரமாகக் கிடந்தது.

"போதும் டீச்சர்" என்றாள் எஸ்னாட்டின் அம்மா மெல்ல. "இந்த ஆழம் போதும்."

அவள் இன்னும் தோண்டிக்கொண்டிருந்தாள்.