பன்னிரண்டாவது நாற்காலி

ஈஸ்டருக்கு முன் வரும் பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். ஒதியம்பட்டுப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்னக் கோயிலில் பன்னிரண்டு பேரும் ஆண்கள்தான். பெண்களையும் உட்கார வைக்கலாம் என்று ரோமாபுரியில் போப்பாண்டவரே சொல்லி வருஷக்கணக்காகிறது. ஊருக்குத்தான் இன்னும் சேதி வந்து சேரவில்லை!

விஜயராணிக்கு இது ஆறவே இல்லை. திருபுவனைக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தபாலில் இறையியல் படித்தவள், ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிறவள். இந்த வருஷம் கோயில் பெரியவர் மரியதாஸை நேராகவே பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளைக்காரச் சாமியாரு வெச்ச மொறைம்மா. நம்ம மாத்தக் கூடாது."

"பிரெஞ்சுக்காரன் கப்பலேறிப் போயி எத்தினி வருஷம் ஆச்சு மாமா! அவன் போட்ட நாற்காலிய இன்னும் காவல் காக்கறீங்களே. உயிர்த்த ஆண்டவர மொதல்ல பாத்தது இன்னா, ஆம்பளையா?"

மரியதாஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. புதிதாக வந்திருந்த சார்லஸ் சாமி சிரித்துவிட்டு, பெண்களுக்கு ஒரே ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார்.

"பாக்கலாம். நம்ம பொம்பளைங்களே ஒத்துக்க மாட்டாங்க. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது," என்றார் மரியதாஸ். விஜயராணியும் வீராப்பாகச் சரியென்றுவிட்டாள்.

தானே உட்கார அவளுக்கு ஆசைதான். ஆனாலும் நாற்பது வருஷமாக நடவுக்குப் போகிற சின்னப்பிள்ளையைத்தான் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தாள்.

அன்று சாயங்காலம் பதினொரு ஆண்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்தர் பவுடர்கூடப் பூசியிருந்தார். சின்னப்பிள்ளை வயலிலிருந்து நேராக வந்தவள். கோயில் குழாயில் எவ்வளவு தேய்த்தும் பித்தவெடிப்பில் சேறு போகவில்லை. சாமியார் தன் முன்னால் மண்டியிட்டதும் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மரியதாஸ் கனைத்தார். விஜயராணி எழுந்துபோய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

"இன்னாக்கா?"

"வேணாம்டி. எல்லாருக்கும் கால் கழுவி வுட்டே பழகினவ நான். சாமியாரு எனக்குக் குனியறதா? வெக்கமா இருக்குதுடி."

"ஆண்டவரு கால் கழுவ வந்தப்ப சீடரு ராயப்பரும் வேணாம்னுதான் சொன்னாரு. அவரு அவரா சொன்னாரு. நமக்கு வேணாம்னு சொல்லச் சொல்லிக் குடுத்துட்டாங்கக்கா."

சின்னப்பிள்ளை மெதுவாக வலது காலை நீட்டினாள். பேசினில் தண்ணீர் கலங்கியது. சாமியார் துடைத்து, பாதத்தை முத்தமிட்டு எழுந்தார். வலது காலை மட்டும் கழுவுவதுதான் வழக்கம். இதுவரை உட்கார்ந்திருந்தால்தானே சின்னப்பிள்ளைக்கு அது தெரியும்? அவள் இடது காலையும் நீட்டினாள்.

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். மரியதாஸ் பதறிக் கையைக் காட்டினார். சின்னப்பிள்ளை காலை எடுக்கவில்லை.

"சாமி, இதுவும் அதே சேத்துல நின்ன காலுதான்," என்றாள்.

சார்லஸ் சாமி மறுபடியும் மண்டியிட்டார்.