அபராதம்

ஹவல்தார் ஷெலார் கேட்ட முதல் கேள்விக்கே கந்தசாமி அத்தான் மாட்டிக்கொண்டார். நேற்றுக் காலை ஸ்கூட்டரில் போகும்போது என்ன நடந்தது என்று இந்தியில் கேட்டார் ஷெலார். அத்தான் கைகளைக் கட்டிக்கொண்டு, "சாப், அபராத் ஹோ கயா" என்றார்.

ஷெலாரின் பேனா நின்றது. அடுத்த மேசையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்த கான்ஸ்டபிளும் நிமிர்ந்து பார்த்தார். அத்தான் அபராதம் கட்டியதைச் சொன்னார். ஆனால் இந்தியிலும் மராத்தியிலும் அந்த வார்த்தைக்குக் குற்றம் என்று அர்த்தம். போலீஸ் சௌக்கியில், யாரும் அடிக்காமல் மிரட்டாமல், 'குற்றம் நடந்துவிட்டது ஐயா' என்று தானாகவே சொல்லிவிட்டு, சரியாகப் பேசிவிட்ட திருப்தியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஷெலார் அந்த வார்த்தையை எழுதிக்கொண்டார்.

அத்தான் தென்காசியிலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. என் அக்கா மங்கை வீட்டிலேயே இட்லி மாவு அரைக்கிறாள். அவர் அதைப் பாக்கெட் போட்டு மகர்பட்டாவின் அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஸ்கூட்டர் என்னுடையது. அங்கேயே ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் போய்க்கொண்டிருந்தேன். அதை விட்டபின் வண்டி சும்மா நின்றது, எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நேற்றுக் காலை கோர்படி ரயில்வே கேட் அருகே, பால் வாங்கப் போன ஒரு பெரியவரை ஒரு கறுப்பு ஸ்கூட்டர் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போயிருக்கிறது. அவர் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஓட்டியவன் மதராசி போல இருந்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வண்டியும் கறுப்பு. முன்விளக்கு உடைந்திருந்தது. கேஸ் போட்டால் அத்தான் உள்ளே போவார். மாவு வியாபாரம் அன்றோடு முடியும்.

நான் குறுக்கிட்டேன். எங்கள் பாஷையில் அது குற்றமில்லை, உங்கள் 'தண்ட்', தப்புக்குக் கட்டுகிற பணம் என்றேன். தண்டம் என்ற வார்த்தை எங்கள் வீட்டிலும் உண்டு, அப்பா என்னைக் கூப்பிட வைத்திருப்பது. ஷெலார் சிரிக்கவில்லை. யார் பிடித்தது, எங்கே என்று கேட்டார். அத்தானிடம் கேட்டுச் சொன்னேன். மகர்பட்டா போகிற வழியில் ஒரு சிக்னலில், ஹெல்மெட் போடாததற்கு. விபத்து நடந்த அதே நேரம்தான். அது உண்மையென்றால் அவர் ரயில்வே கேட்டில் இருந்திருக்க முடியாது.

"ரசீது?" என்றார் ஷெலார்.

இப்போதெல்லாம் அபராதம் போட்டால் வண்டிக்காரனின் போனுக்குச் செய்தி வந்துவிடும். வண்டி என் பெயரில் இருக்கிறது. எனக்கு எதுவும் வரவில்லை என்று தெரிந்தும் போனை எடுத்துச் செய்திகளைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்.

"அப்படியென்றால் எங்கள் ஆள் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான் என்கிறாய்" என்று ஷெலார் நிதானமாகச் சொன்னார். அத்தானைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி, லஞ்சம் வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு போலீஸ்காரன்.

நான் அத்தான் பக்கம் திரும்பினேன். "உண்மையச் சொல்லுங்க அத்தான். சிக்னல்ல புடிச்சானா?"

"நீயுமா மாப்ளே கேக்க? கைய நீட்டுனாம், குடுத்தேன்."

"ரசீது கேக்க வேண்டியதுதான?"

"போலீஸ்காரன்ட்ட ரசீதா? நல்லா கேட்ட போ. எங்கூர்ல ஒருத்தன் கேட்டாம். அவனுக்கு முதுகுல எழுதிக் குடுத்தானுவ."

"ஹெட்லைட்டு எப்படி ஒடஞ்சது?"

"அது போன வாரமே கீழ பார்க்கிங்குல லிப்ட் கதவுல இடிச்சது. ஒன் வண்டில்லா, மூஞ்சத் தூக்குவன்னு சொல்லல." சொல்லும்போது தரையைப் பார்த்தார். போன வாரம் அந்த விளக்கு உடைந்திருந்ததா என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. தினமும் அந்த வண்டியைத் தாண்டித்தான் டீக்கடைக்குப் போகிறேன்.

ஷெலாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "துலா பண் விஷ்வாஸ் நாஹி" என்றார். உனக்கும் நம்பிக்கை இல்லை.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். குரலில் திடீரென்று ஒரு சொந்தக்காரத்தனம் வந்தது. 'அபராத்' என்று எழுதியதை அடித்துவிடுகிறேன், பாஷை தெரியாதவன் பேச்சு என்று விட்டுவிடலாம். நீங்களும் சிக்னல் கதையை விட்டுவிடுங்கள். எழுதினால் அந்த ஆளைக் கூப்பிட வேண்டும், அவன் இல்லையென்பான், உன் அத்தான் பொய்யன் ஆவார். வண்டி இங்கே இருக்கட்டும். பெரியவர் தேறியதும் உன் அத்தானை அவருக்குக் காட்டுவோம், இவனில்லை என்று அவர் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போ.

இவர் எங்களுக்கு வழி காட்டுகிறாரா, தன் ஆளைக் காப்பாற்றுகிறாரா? சிக்னலை விட்டுவிட்டால் அந்த நேரத்தில் அத்தான் எங்கேயும் இல்லாதவர். பெரியவர் மருந்து மயக்கத்தில் யாரைக் காட்டினாலும் தலையாட்டலாம். ஆனால் விடாவிட்டால் குற்றம் என்ற அந்த வார்த்தை அப்படியே நிற்கும். ஷெலாரின் முகத்தில் தேடினேன். நாள் முழுக்க ஆட்களைப் பார்த்துச் சலித்த முகம். அதில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

"அடித்துவிடுங்கள்" என்றேன்.

இரண்டு கோடுகள் போட்டார். கீழே அத்தான் தமிழில் கையெழுத்துப் போட்டார், எழுத்துக்கூட்டி, மிக மரியாதையாக.

வெளியே வெயிலில் கண் கூசியது. "என்ன சொன்னாரு மாப்ளே?"

"எழுதுனத அடிச்சிட்டாரு."

"அபராதத்தையா? அது நான் கட்டுனதுல்லா, அத எதுக்கு அடிக்கணும்?"

மங்கையிடம் என்ன சொல்வது என்று அவர் கேட்கவில்லை. வண்டி இல்லாமல் நடந்தோம். பெரிய சாலையைக் கடக்கும்போது, நடுவில் நின்ற டிராபிக் போலீஸ்காரர் யாரையோ பார்த்து விசில் ஊதினார். ஒரு பஸ் குலுங்கி நின்றது. நான் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். அத்தான் நடுச்சாலையில் நின்றுவிட்டிருந்தார். இரு பக்கமும் ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. அவர் போலீஸ்காரரின் முகத்தையே, நேற்றுப் பார்த்த முகம் போல, பார்த்துக்கொண்டிருந்தார், கை சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் ஒருமுறை அவரைப் பார்த்தார். பிறகு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, காலியாக இருந்த பக்கத்துச் சாலைக்குக் கை காட்டினார்.